உங்கள் போனைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்

எச்.ஆர். வேலை என்பது, முதலாளி தன் வாயால் கேட்கக் கூசுவதை நாம் சிரித்த முகத்தோடு கேட்பது. இந்தத் துறையில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்குக் கல்கத்தா கிடர்பூரில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் வேலை. புதிதாக வந்த மேனேஜர் சன்யால் சாருக்கு ஒரு யோசனை உதித்தது. இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்கை எங்கள் முன்னால் திறந்து காட்ட வேண்டும். பூட்டி வைத்த கணக்கையும்தான். அதைக் கேட்க வேண்டியவள் நான். ஆனால் எனக்கும் பூட்டிய கணக்கு ஒன்று உண்டு. அதில் சன்யால் சாரைப் பற்றி மனம்விட்டு, நல்ல தமிழில் எழுதி வைத்திருந்தேன். ஹவுராவில் கணவர் வேலை பார்த்த பட்டறையை மூடிய பிறகு, என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மீன் செய்த வேலை

முதலில் மாட்டியவர் அரிந்தம். துறைமுக அனுபவம் உள்ளவர், பதில்களெல்லாம் பளிச். சிரித்துக்கொண்டே போனைத் திறந்தார். தன் கால்பந்து அணி ஜெயித்த நாளில், ஒரு முழு இலிஷ் மீனைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது.

கல்கத்தாவில் இலிஷ் ஒரு கால்பந்து அணி ரசிகர்களின் வெற்றி மீன். எதிரணிக்கு இறால். சன்யால் சார் பரம்பரை இறால் கட்சி. படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. "டீமோடு ஒத்துப்போக மாட்டார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாசல்வரை போன என்னிடம் அரிந்தம் அக்கா முறை வைத்துச் சொன்னார்: "தீதி, என்ன மீன் சாப்பிடுவீங்கன்னு விளம்பரத்திலயே கேட்டிருந்தா, நான் பஸ் ஏறியே இருக்க மாட்டேனே!"

கூப்பிடாத விருந்தாளிகள்

அடுத்து நித்யா. ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். வங்காள ராகத்தில் தமிழ் பேசுவாள். வந்தவர்களில் அவள்தான் கெட்டிக்காரி. இவளை விட்டுவிடக் கூடாது என்று எனக்கு ஆசை. ஆனாலும் கேட்டேன். சம்பளம் அதற்குத்தானே.

போனை எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். "மறைக்க என்ன இருக்கு?" என்று சார் இந்தியில் கேட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "என்னோடதை காட்டறதுல எனக்கு ஒண்ணுமில்ல மேடம். ஆனா என் ஃப்ரெண்ட் அழுதுக்கிட்டே அனுப்பின மெசேஜ் எல்லாம் இதுக்குள்ள இருக்கு. நீங்க என்னை மட்டும்தானே இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டீங்க?" உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன்.

எங்கள் முறை

அடுத்த திங்கட்கிழமை சார் எல்லோரையும் மீட்டிங் ரூமுக்கு அழைத்தார். வேலையில் இருப்பவர்களும் காட்ட வேண்டுமாம், இப்போதே. போன்களை மேஜைமேல் வைக்கச் சொன்னார். என் பதிவுகளை அழிக்க அவகாசம் இல்லை. தமிழ் அவருக்குத் தெரியாது என்ற தைரியமும் போய்விட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் கீழேதான் மொழிபெயர்ப்பு பொத்தான் இருக்கிறதே.

"பயப்பட என்ன இருக்கு? முதல்ல நானே காட்டறேன்" என்று தன் கணக்கைச் சுவர்த்திரையில் திறந்தார். கோட்டும் டையுமாக அவர் படம். அதன் கீழே அவருடைய மாஷி, அதாவது சித்தி, வங்காளத்தில் கேட்டிருந்தார்: "லட்டு, வாயுத் தொல்லை குறைந்ததா?" வங்காளிகளுக்கு வீட்டுக்கென்று ஒரு செல்லப் பெயர் உண்டு. அது ஆபீஸ் படியேறக் கூடாது. லட்டுவுக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி உறவினர் கூட்டமே கீழே வரிசைகட்டி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் என் விலா வலித்தது.

கணக்குப் பிரிவு தத்தா அண்ணன்தான் எழுந்தார். கேலியே இல்லாமல், மெத்த மரியாதையாகக் கேட்டார்: "சார், இது உங்க வீட்டு விஷயம். நாங்க பார்க்கலாமா?"

அப்பாடா

திரை அணைந்தது. போன்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாலைக்குள் அந்த விதியும் போயிற்று; நித்யாவை எடுக்கவும் சார் தலையாட்டினார். தமிழர்கள் அதிகமுள்ள லேக் மார்க்கெட்டில் பஸ் இறங்கி, ஒரு காபியை நிம்மதியாகக் குடித்துவிட்டு, நித்யாவைக் கூப்பிட்டேன். வேலை உனக்குத்தான், போனை யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். அவள் கேட்டாள்: "நிஜமாவா மேடம்? சாருக்கு யார் புத்தி சொன்னாங்க?"

அவருடைய சித்தி என்று நான் சொல்லவில்லை. மறுநாள் என் பூட்டிய கணக்குக்கு சன்யால் சாரிடமிருந்தே வந்த நட்பு அழைப்பு மட்டும், எங்கள் தொழில் வழக்கப்படி, இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது.