சிங்களம் தெரியாது என்று சொன்ன வாய்

இன்றைக்குத் திருகோணமலை டவுனில், ஒரு அலுவலகக் கவுண்டருக்கு முன்னால், பச்சைப் பொய் சொல்லிக் கையும் மெய்யுமாகப் பிடிபட்டேன்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் நித்திரை வராது, அதனால் எழுதுகிறேன்.

மகனின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கக் கிண்ணியாவிலிருந்து காலையிலேயே பஸ் ஏறியிருந்தேன். டோக்கன் நாற்பத்தொன்று. (கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஏழு!)

பக்கத்துக் கதிரையில் சல்லி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு அக்கா, டோக்கன் நாற்பத்திரண்டு. ஐம்பது வயது இருக்கும். கணவர் கடலுக்குப் போகிறவர், மகள் சீனன்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். முழுக்கச் சிங்களம். நேற்றுப் பின்னேரம்தான் வந்ததாம்.

“தங்கச்சி, இதில ரெண்டு திகதி கிடக்கு. ஒண்டு இண்டைக்கு, மற்றது வாற கிழமை. எது இன்டர்வியூ எண்டு தெரியேல்ல. மகள் போனில படம் பிடிச்சுத் தமிழில மாத்திப் பாத்தவள், அது என்னவோ உளறுது. உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?”

தெரியும். நன்றாகவே தெரியும்.

நான் பிறந்தது கந்தளாய். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையோடு விளையாடி, சண்டை பிடித்து, அவளுடைய பாடப் புத்தகங்களை வாங்கி வாசித்து வளர்ந்தவள். கலியாணம் முடித்துக் கிண்ணியாவுக்கு வந்த பிறகு, குடும்பத்தில் யாருக்குச் சிங்களக் கடிதம் வந்தாலும் நான்தான் வாசிப்பேன்.

ஆனால் வாயிலிருந்து வந்தது, “எனக்குச் சிங்களம் தெரியாது அக்கா.”

ஏன்? பள்ளியில் படித்த மொழியில்லை. கையில் ஒரு சான்றிதழும் இல்லை. அலுவலகச் சிங்களம் வேறு, பேசும் சிங்களம் வேறு. இத்தனை பேருக்கு முன்னால் ஒரு சொல் தடக்கினால் என்ன செய்வது என்று பயந்தேன். அவ்வளவுதான், வேறு நியாயம் ஒன்றும் இல்லை.

இது புதுப் பழக்கமும் இல்லை. போன மாதம் பெண்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில், உங்கள் பலங்கள் மூன்றை எழுதுங்கள் என்று தாள் தந்தார்கள். பொறுமை, சமையல், சிக்கனம் என்று எழுதிக் கொடுத்தேன். (முதல் இரண்டையும் பற்றி என் கணவரிடம் விசாரிக்க வேண்டாம்!) சிங்களம் என்று எழுதப் பேனை ஓடவில்லை. விளையாட்டில் வந்ததை எப்படித் திறமை என்று எழுதுவது?

கணவர் கிண்ணியாவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, சனத்துக்கு வரும் சிங்களக் கடிதங்களை வாசித்துச் சொல்லலாம், படிவம் நிரப்பிக் கொடுக்கலாம் என்பது இரண்டு வருடத்துக்கு முன் நானே சொன்ன யோசனை. அவர் அன்றைக்கே ஓம் என்றார். பின்வாங்கியது நான். பிழையாக வாசித்தால் யார் பதில் சொல்வது என்று ஒவ்வொரு தடவையும் அதே சாட்டு.

அக்கா பரவாயில்லை என்று கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். கவுண்டரில் இருக்கிறவரிடம் கேட்கலாம் என்று அவர் நினைப்பு. அப்போது மணி எட்டு ஐம்பது.

பதினொன்று பத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த தம்பி புதியவர், தமிழ் மட்டுமட்டு. ஏதோ பத்திரம் குறைகிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அந்தப் பத்திரம் இரண்டாவது தாளுக்குப் பின்னால் இருக்கிறது, பிரட்டிப் பாருங்கள் என்று தொடங்கி, மடமடவென்று சிங்களத்தில் கொட்டித் தீர்த்தேன். பிரதி பத்து நிமிடத்தில் கைக்கு வந்தது.

பெருமையோடு திரும்பினால், பின்னால் சல்லி அக்கா!

அவர் என்னை நேராகப் பார்த்தார். நாலு அறை வாங்கியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

“தாங்கோ அக்கா, வாசிக்கிறன்” என்று நானே கையை நீட்டினேன்.

இன்டர்வியூ இன்றைக்கு. காலை பத்து மணிக்கு. வருகிற கிழமைத் திகதி, பத்திரங்களை ஒப்படைப்பதற்கு.

ஒரு சொல்லும் தடக்கவில்லை. அதுதான் இன்னும் வெட்கம்.

அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். “அவள் மூண்டு வருசமா வேலை தேடுறாள் தங்கச்சி” என்று மட்டும் சொன்னார்.

கடிதத்தில் இருந்த நம்பருக்கு நானே அடித்தேன். விளக்கினேன், மன்னிப்புக் கேட்டேன், கெஞ்சினேன். ஒரு மணிக்கு முன் வந்தால் கடைசி ஆளாக எடுக்கிறோம் என்றார்கள்.

அக்கா உடனே மகளுக்குப் போன் எடுத்தார். “கிண்ணியாத் தங்கச்சி ஒராள் வாசிச்சுச் சொன்னவ, தங்கமான பிள்ளை. நீ கெதியா ஓட்டோ பிடிச்சு வெளிக்கிடு.”

நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு ஐம்பதுக்கு வாயைத் திறந்திருந்தால் அந்தப் பிள்ளை ஆறுதலாக உடுத்து, நேரத்துக்குப் போயிருப்பாள். போகும்போது அக்கா என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. மேசை எப்போது வேண்டும் என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். அந்தப் பழைய சாட்டு அப்போதும் வாய் நுனி வரை வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதிவிட்டேன், இனி ஒளிக்க இடமில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அக்காவின் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது.

“அக்கா, பன்னிரண்டரைக்குப் போய்ச் சேந்திட்டன். கடைசி ஆளா எடுத்தவை. முடிவைக் கடிதத்தில அனுப்புவினமாம். அதுவும் சிங்களத்திலதான் வரும், உங்களிட்டக் கொண்டு வரட்டோ? அது வாற அண்டைக்கு உங்களுக்குச் சிங்களம் தெரிஞ்சிருக்குமோ எண்டு அம்மா கேக்கச் சொன்னவ.”