போனில் சொன்ன ஓடிபி
திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் எல்லோருக்கும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்பவர் விழுப்புரத்து ஏஜெண்ட் ஒருவர். பாடம் நடத்தும்போதே போன் வரும். "டீச்சர், ஓடிபி வந்திருக்கும், ஜல்தியா சொல்லுங்க" என்பார். நானும் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சொல்லிவிடுவேன். சம்பளத்தில் பிடித்த வரி முழுவதும் ரீஃபண்டாக வந்ததும் கமிஷன் கொடுத்து நன்றியும் சொன்னேன்.

சென்ற மாதம் வருமான வரித்துறை விளக்கம் கேட்டு மெயில் அனுப்பியது. என் கணக்கைத் திறந்து பார்த்தேன். என் கணவர் என்னை நம்பி வாழும் மாற்றுத்திறனாளி என்று சொல்லி வரிக்கழிவு வாங்கப்பட்டிருந்தது! அவரோ அப்போதுதான் மயிலத்து நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கி, அந்த மல்லாட்டை மூட்டையைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார்.

"நான் நல்லாத்தானடி நின்னுக்கினு இருக்கேன்!" என்று விஷயத்தைக் கேட்டதும் கத்தினார்.

ஏஜெண்டைக் கேட்டேன். "அப்படிப் போட்டாதாங்க ரீஃபண்ட் வரும். நீங்கதானே ஓடிபி சொன்னீங்க?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. அந்த ஓடிபிதான் என் கையெழுத்து!

கணக்கைத் திருத்தி, பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டினேன். இப்போதெல்லாம் முழுவதையும் படித்துப் பார்க்காமல் யாருக்கும் ஓடிபி சொல்வதில்லை.

பணம் கட்டிய மறுநாள் பள்ளி ஓய்வறையில் இதைச் சொன்னதும் ஆளாளுக்குத் தங்கள் கணக்கைத் திறந்தார்கள். கல்யாணமே ஆகாத சயின்ஸ் டீச்சருக்கும் மாற்றுத்திறனாளிக் கணவர் ஒருவர் இருந்தார்.