சாகாத போர்டு

இல்லை, போர்டு சாகவில்லை.

புதுவயலில் சித்தப்பாவின் அரிசி ஆலை. கறுத்துப்போன அரிசியைப் பிரித்துத் தள்ளும் இயந்திரம் நேற்று நின்றுவிட்டது. அதை இயக்குவது உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கணினி போர்டு.

"போர்டு போச்சு. புதுசு வர்ற வரைக்கும் ஆலையை மூடிருங்க" என்றார் சர்வீஸ்காரர், போனில்.

நான் டீபக்கர் போட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

"டீபக்கர்லாம் அதுல ஓடாதும்மா. வேற வேலை இருந்தா பாருங்க."

நிரல், அதாவது புரோகிராம், எங்கே நிற்கிறது என்று காட்டுவது டீபக்கர். என்னுடையதற்கு மடிக்கணினியின் பிராசசர் மட்டும்தான் தெரியும். போர்டில் இருப்பது ஏ.ஆர்.எம். என்ற வேறு வகை பிராசசர், அதன் மேல் பழைய லினக்ஸ். இரண்டுக்கும் ஏற்றபடி டீபக்கரை அமைப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

"என்னத்தா, சாப்பிட வாரியா, இல்ல அதுக்கும் சேத்து ஊட்டணுமா?" என்றார் சித்தப்பா.

ஒருவழியாக டீபக்கர் போர்டோடு இணைந்தது. நிரல் உயிரோடுதான் இருந்தது. உள்ளே எழுதி வைத்திருந்த ஒரு தேதி கடந்துவிட்டதால், வேண்டுமென்றே நின்றுகொண்டிருந்தது.

தேதியைப் படித்தேன். முந்தாநாள்.

"அடப்பாவிகளா! அன்னைக்குத்தானத்தா அவுக சர்வீஸ் ஒப்பந்தம் முடிஞ்சுச்சு!" என்றார் சித்தப்பா.

நிரல் அந்தத் தேதிச் சோதனையைத் தாண்டிப் போகும்படி மாற்றினேன். இயந்திரம் ஓடியது.

திரையைப் படம் எடுத்து சர்வீஸ்காரருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் பக்கத்து ஆலைகளில் இப்படி எத்தனை போர்டு செத்திருக்கிறது? சொல்லுங்கள், பஸ் ஏறி வருகிறேன்.

பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.