தாகேதா மைதானத்துக் கல்

ஞாயிறு காலை ஏழு மணி. சூலே புத்தர் கோயில் அருகே ரோஸி அக்காவும் நானும் டாக்சி பிடித்தோம். தாகேதா வட்டாரத்துக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும். ஓட்டுநர் பன்னிரண்டாயிரம் கியாட் கேட்டார். எதற்கும் பேரம் பேசுகிற அக்கா, அன்று வாய் திறக்காமல் ஏறிக்கொண்டாள்.

அக்கா என் பெரியம்மா மகள். பர்மாவில், யாங்கோனிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் தமிழ்நாட்டிலிருந்து அவளைப் பார்க்க வந்திருந்தேன். தாகேதாவில் பேஸ்பால் மைதானத்துக்கு அன்று திறப்பு விழா. அது வெறும் சேறாகக் கிடந்த காலத்தில், கப்பலில் வேலை பார்த்த தம்பி கொண்டுவந்த ஒற்றை மட்டையோடு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவள் அவள். ஆசிரியைக்கான பர்மியச் சொல்லால், 'சயாமா' என்றே எல்லாரும் அவளை அழைக்கிறார்கள்.

எட்டு மணிக்கு மைதானத்தில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அக்கா என் காதோரம் மொழிபெயர்த்தாள். அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவர் ஒரே நாளில் பேஸ்பாலைக் கண்டுபிடித்தாராம். எனக்குச் சுருக்கென்றது. அந்த அதிகாரி பிறக்கும் முன்பே இங்கிலாந்துப் பிள்ளைகள் அதே பெயரில் ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்களே கைகழுவிய கதை அது.

அடுத்த வரியை அக்கா மொழிபெயர்க்கவில்லை. கல்லை மூடியிருந்த துணி விலகியதும் எனக்கே புரிந்தது. 'தாகேதாவில் பேஸ்பாலைத் தொடங்கியவர்' என்று ஓர் அரிசி வியாபாரியின் பெயரை ஆங்கிலத்திலும் வெட்டியிருந்தார்கள். போன வருஷம் கம்பிவேலி போட்டுக்கொடுத்தவர் அவர்!

விழாச் செயலாளரிடம் நேரே போய் ஆங்கிலத்தில் கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை. இந்த ஊரில் கோயில் பெஞ்சு முதல் தெருத் தண்ணீர்ப் பானை வரை கொடுத்தவர் பெயர் இருக்கும் என்றார். நீங்களும் ஒரு பெஞ்சு கொடுங்கள், சயாமா பெயரைப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். நான் பர்ஸை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பெஞ்சு குடுத்தவ பேரு எனக்கு வேணாம். ஆரம்பிச்சவ நான். அதைக் கல்லுல எழுதச் சொல்லு."

நான் சொன்னதும், கல்லை மாற்றினால் வியாபாரி மனம் நோகும் என்றார் செயலாளர்.

"அவருக்கு நோகும். நான் என்ன மரக்கட்டையா?" என்றாள் அக்கா, தமிழிலும் பிறகு பர்மியத்திலும். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்.

எங்கள் ஊர்க் கல்வெட்டுகளும் இந்த லட்சணம்தான். ஆனால் அங்கே, உரியவரை எதிரே வைத்துக்கொண்டே பொய்யை வாசித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது, இனியும் அங்கே போவாயா என்று கேட்டேன்.

"போகாம? நாளைக்குப் பிள்ளைகளுக்கு யாரு பந்து போடுறது?"

பெயர் இல்லாவிட்டாலும் அவள் வருவாள் என்று தெரிந்துதான், அந்தக் கல்லை நட்டிருக்கிறார்கள்.