மணிக்கூண்டு அக்காவும் காலி பெஞ்சுகளும்

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் அக்காவுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் மணிக்கூண்டு. சீட்டில் நம்பரோடு நேரத்தையும் எழுதித் தருவாள்.

"உங்களுக்குப் பதினொண்ணே கால். போய் வேலையப் பாத்துட்டு வாங்க. இங்க உக்காந்து என்ன பண்ணப்போறீங்க?"

நாளைக்கு நூற்றைம்பது நோயாளிகள், ஒரே டாக்டரம்மா. கைக்குழந்தைக்கு அவர் எத்தனை நிமிஷம் எடுப்பார், கேள்வி கேட்டே குடைந்தெடுக்கும் பெரியவருக்கு எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. ஐந்து நிமிஷம் தவறினாலும் அவளுக்கு முகம் தொங்கிப்போகும்.

டாக்டரம்மா மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை நாலு மணிக்குத்தான் திறப்பார். "இந்த மாசக் கடைசிக்குள்ள இன்னொரு டாக்டர் வரலன்னா நான் கிளம்பிடுவேங்க்கா" என்று ஒருநாள் சொல்லியேவிட்டார். அக்கா கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். இவரும் போய்விட்டால் சீட்டில் எந்த நேரத்தை எழுதுவது?

கூடுதல் ஆள் தேவையா என்று பார்க்க மேலிடத்து அதிகாரி வந்தார். பெஞ்சுகளை எண்ணினார்.

"மொத்தமே ஒன்பது பேரு. இதுக்கு எதுக்கு ரெண்டு டாக்டர்?"

அக்கா சீட்டுப் புத்தகத்தை நீட்டினாள். "புத்தகத்துல என்ன வேணா எழுதலாம்மா. நான் கண்ணால பாக்கணும். இருபதாம் தேதி மறுபடி வரேன்" என்று அதிகாரி கிளம்பிவிட்டார்.

தன் சாமர்த்தியமே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இருபதாம் தேதி சீட்டில் நம்பர் மட்டும் இருந்தது. "என்னக்கா, மணிக்கூண்டு நின்னுபோச்சா?" என்றார் முட்டிவலிக்கு வந்த ஆட்டோக்காரர்.

"இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்கங்கண்ணே. எல்லாரும் இங்கயே இருங்க."

பத்து மணிக்குக் கால்வைக்க இடமில்லை. இருமும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் சுவரோரம் நின்றாள். 'இவளுக்கு ஒரு மணிக்குத்தான்' என்று அக்காவின் மனசு தானாகக் கணக்குப் போட்டது. சொல்லிவிட வாய் துடித்தது. சொல்லாமல், எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே சீட்டு எழுதினாள். அக்காவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அதிகாரி வாசலிலேயே மாட்டிக்கொண்டார். உள்ளே வந்து சேரவே கால் மணி நேரம் ஆயிற்று. எண்ணவும் இல்லை, கர்சீப்பால் முகத்தைத் துடைத்தபடி எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. கூடுதலாக ஒரு டாக்டர். அதன் கீழே இன்னொரு வரி: 'சீட்டு எழுதும் ஊழியருக்குக் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை. இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பவும்.'

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எழுதிக் கேக்கறேங்க்கா."

"வேணாம் டாக்டரம்மா. அப்புறம் திரும்பவும் எண்ண வந்துடுவாரு."

பயிற்சி ஒன்பது மணிக்கு என்றார்கள். சொல்லிக்கொடுப்பவர் வரும்போது மணி பத்தரை. அதுவரை அக்கா பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். எப்போது வருவார் என்று அவளுக்குச் சொல்ல அங்கே யாருமில்லை.