பேய்க்கு என்னைத் தெரியவில்லை

நெய்வேலி இரண்டாவது சுரங்கத்தில் கரி எடுக்கத் தொடங்கிய வருஷம்தான் பொருட்காட்சியில் முதன்முதலாகப் பேய் வீடு போட்டார்கள். கான்ட்ராக்ட் வேலையில் இருந்த நாங்கள் நாலு பேர் உள்ளே போனோம்.

எலும்புக்கூடு, ரத்தம், அலறல் எதற்கும் நாங்கள் அசையவில்லை. மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி நின்ற பேய் மட்டும் மெல்லக் கேட்டது: "ஏன்டா கலியபெருமாளு, இந்த வருசமும் பர்மனென்ட் ஆவலியாமே?"

கலியபெருமாள் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். நாங்கள் மூவரும் அவன் பின்னால் ஓடினோம். பேயாக நின்றவன் எங்கள் ஷிப்டுக்காரன் என்று மறுநாள்தான் தெரிந்தது.

இன்று சாயங்காலம் மறுபடி ஒரு பேய் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு மாதிரி ஒரு தடவை நடுங்கிப் பார்க்க ஆசை. தலைவிரித்த பெண் பேய் ஒன்று பாய்ந்து வந்தது. என்னைப் பார்த்ததும் டார்ச் அடித்தது.

"அய்யா, கீழ படி இருக்குது, பாத்து வாங்க."

"பயமுறுத்தும்மா. அதுக்குத்தான டிக்கெட் வாங்கிக்கினு வந்தேன்."

"வயசானவங்களுக்கு எதுனா ஆயிட்டா என் வேல போயிடும்ங்க."

பாவம், கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தது.

நல்ல பேய் என்றால் அதற்கு நம்முடைய சங்கதி தெரிந்திருக்க வேண்டும். உங்களை அப்படிப் பயமுறுத்த யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். என்னோடு உள்ளே வந்த மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது அன்று பேயாக நின்றவன் மட்டும்தான், குள்ளஞ்சாவடி ஏழுமலை.