டிரைவர் ரூமுக்கு டீகாஃப்

"அக்கா, உன் டீக்கு என்ன ஆச்சு? நேத்து விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னாடி கண்ணு சொருகிடுச்சு. கண்டக்டர் கத்துனப்புறம்தான் முழிச்சேன்."

சொன்னவரு ஏழுமலை. சென்னையிலேர்ந்து திருச்சிக்கு பஸ் ஓட்டுறவரு. மத்தியானம் திண்டிவனம் பைபாஸ்ல எங்க ஓட்டல்லதான் நிறுத்துவாரு. அங்க நான் டீ மாஸ்டர். பொம்பளை டீ மாஸ்டரான்னு எவனாவது இளிச்சா, மொதல்ல குடி, அப்புறம் பேசுன்னு கிளாஸை நீட்டுவேன்.

இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ஹைவே ஓட்டல்ல டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி ரூம் உண்டு. அவங்களுக்குச் சாப்பாடு, டீ எல்லாம் ஓசி. அவங்க பஸ்ஸை நிறுத்துனாத்தான் உள்ள இருக்குற சனம் இறங்கிக் காசு குடுத்துச் சாப்பிடும். அது தர்மம் இல்ல, யாவாரம்.

ஏழுமலை சொன்னதும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ரெண்டு நாளா எனக்கும் மண்டையைப் பொளக்குற தலைவலி. காய்ச்சல் வருதுன்னு மாத்திரை போட்டுக்கினு இருந்தேன். நான் பொழுதன்னைக்கும் டீ குடிக்கிறவ, குடிக்கிறதும் டிரைவர் ரூம் டீதான். அந்த ரூம் டப்பாவுல மட்டும் மொதலாளி புதுத் தூளு கொட்டி வெச்சிருந்தாரு. பாண்டிச்சேரி சரக்கு, இதையே போடுன்னு சொல்லியிருந்தாரு. சாயம் நல்லாத்தான் இறங்குச்சு. பால் ஊத்தி ஆத்துனா கலர்ல ஒரு குறை சொல்ல முடியாது. வாசனை மட்டும் மந்தம், நாக்குல அந்தப் பிடிப்பு இல்ல. ஒரு கரண்டி கூடப் போட்டுச் சமாளிச்சேன்.

ஏழுமலை சாப்பிட உக்காந்தாரு. நான் நேரா கல்லாவுக்குப் போனேன்.

"மொதலாளி, அது என்ன தூளு?"

"டீகாஃப்" னாரு, கூச்சமே இல்லாம. "என் மச்சான் பாண்டியில ரிசார்ட்டை மூடிட்டான். மிஞ்சுன சரக்கு, சும்மா குடுத்தான். தேதி முடியறதுக்குள்ள தீக்கணும். கடையில வாங்குனா நம்ம தூளைவிட வெலை ஜாஸ்தி, தெரியுமா?"

"டீகாஃப்னா என்னா?"

"டீயில தூக்கத்தைக் கெடுக்குற சத்தை எடுத்துடுவாங்க. துளி மிச்சம் இருக்கும். மத்தபடி டீதான்."

ரெண்டு நாளா தலை வலிச்சதும் பழகுன அந்தச் சத்து கெடைக்காமத்தான்னு அப்பப் புரிஞ்சுது. எனக்கு வந்ததே கோவம். "தூக்கத்தைக் கெடுக்கத்தானே மொதலாளி அவரு டீயே குடிக்கிறாரு?"

"ஓசியில குடிக்கிறவனுக்கு என்ன தரம் கேக்குற? சூடு இருக்குது, சக்கரை இருக்குது. போய் வேலையைப் பாரு மேரி. பேஜாரு பண்ணாத."

"முன்னாடி கவுன்ட்டர்ல வெச்சு, பேரைச் சொல்லி விப்போம். வேணுங்கிறவங்க கேட்டு வாங்கட்டும்."

"இங்க எவன் கேட்டு வாங்குவான்? வாயை மூடிக்கினு ஊத்து."

வாயை மூடிக்கினு ஊத்துறதுக்கு எங்க அம்மா என்னைப் பெக்கல. திரும்ப டிரைவர் ரூமுக்கு வந்தேன். நாலஞ்சு பேரு சாப்பிட்டுக்கினு இருந்தாங்க.

"இந்த டீயை யாரும் குடிக்காதீங்க. இது தூக்கத்தைத் தடுக்காத டீ. எனக்கே இப்பத்தான் தெரியும்" னு சத்தமா சொல்லிட்டு, காய்ச்சி வெச்ச டிகாஷனைத் தொட்டியில கொட்டுனேன். கவுன்ட்டர் டப்பாவை எடுத்தாந்து புதுசா காய்ச்சுனேன்.

மொதலாளி பின்னாடியே ஓடியாந்தாரு. "அது காசு குடுக்குறவங்களுக்கு வெச்ச தூளு. அதை வை கீழ."

"இவரு கண்ணு சொருகுனா, உங்க கல்லாவுல காசு குடுத்த அத்தனை பேரும்தான் சேர்ந்து கவுந்துடுவாங்க."

"அப்படின்னா நாளையிலேர்ந்து நீ வராத."

"நாளைக்கு வரல. இன்னைக்கு இதை ஊத்திட்டுத்தான் போவேன்."

ஏழுமலை ஒரு கிளாஸ் குடிச்சாரு, இன்னொண்ணு கேட்டாரு. ஊத்துனேன். "வர்றேங்க்கா" ன்னு எழுந்து போய் பஸ்ஸை எடுத்தாரு. நான் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினு வெளிய வந்துட்டேன்.

வேலை போனது சும்மா இல்ல. அந்த சீசன் முழுக்க கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஆயப் போனேன். வீட்டுக்காரரு முணுமுணுத்தாரு. முணுமுணுக்கட்டும். அந்த பஸ் எங்கயாவது கவுந்து, பேப்பர்ல படம் வந்திருந்தா, என்னால அடுப்புக்கிட்ட நிக்க முடிஞ்சிருக்குமா?

அப்புறம் விழுப்புரத்துல ஒரு டீக்கடையில சேர்ந்தேன். அங்க மாசமா இருந்த டீச்சரம்மா ஒருத்தங்க வருவாங்க. டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்லிட்டாராம், இவங்களால விட முடியல. டாக்டரைக் கேட்டுக்கினு, டீகாஃப் பாக்கெட்டை அவங்களே வாங்கியாந்து குடுத்தாங்க. தனிப் பையில வடிச்சு, இஞ்சி தட்டிப் போட்டுக் குடுப்பேன். பிரசவத்துக்குப் போற வரைக்கும் ரசிச்சுக் குடிச்சாங்க. அவங்களுக்கு வேண்டியது டீயோட ருசி, அது கெடைச்சுது. ஆக டீகாஃப் மட்டமான சரக்குன்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன். சொல்லாம ஊத்துறதுதான் மட்டம்.

ஹைவே ஓட்டல்ல பாய்லர் புடிக்கப் போற புள்ளைங்களா, கேட்டுக்குங்க. காசு குடுத்து டீ குடிக்கிறவங்க பஸ் கிளம்புனதும் தூங்கிடுவாங்க. நல்லாத் தூங்கட்டும். ஓசியில குடிக்கிறவருதான் முழிச்சிருக்கணும். இருக்குறதுலயே நல்ல தூளை அவருக்குப் போடுங்க.